இரண்டு சம்பளம், ஒரே வரிக் கணக்கு: அமெரிக்காவில் பிடித்தம் எங்கே குறைகிறது, எப்படிச் சரிசெய்வது

அமெரிக்காவில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் ஏப்ரல் மாதம் ஒரு திகைப்பு ஏற்படுவதுண்டு. ஆண்டு முழுவதும் ஒவ்வொரு சம்பளத்திலும் வரி பிடிக்கப்பட்டிருக்கும். இருவருமே நிறுவனம் கொடுத்த படிவத்தை உண்மையாகத்தான் நிரப்பியிருப்பார்கள். ஆனாலும் கணக்கைத் தாக்கல் செய்யும்போது இன்னும் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்று வரும். நிறுவனமோ கணக்காளரோ தவறு செய்துவிட்டதாகச் சந்தேகம் எழும். பெரும்பாலும் யாரும் தவறு செய்திருக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்குள் வரும் மொத்த வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கும் இடம் வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை என்பதே காரணம்.

இந்தியாவில் சம்பளம் வாங்கிப் பழகியவர்களுக்கு இது எளிதில் புலப்படாது. அங்கே வருமான வரி தனிநபருக்கானது. கணவரின் சம்பளமும் மனைவியின் சம்பளமும் வரிக் கணக்கில் சந்திப்பதே இல்லை. நிறுவனமும் ஊழியர் தரும் முதலீட்டு விவரங்களை வாங்கி வைத்துக்கொண்டு, ஆண்டு முழுமைக்குமான வரியைக் கணக்கிட்டு, கூடுதல் குறைவை மார்ச் மாதத்துக்குள் நேர்செய்துவிடும். அதே நம்பிக்கையோடு இங்கே வந்து, “கம்பெனி பார்த்துக்கொள்ளும்” என்று இருந்துவிடுவது இயல்புதான். ஆனால் அமெரிக்க நிறுவனத்தின் சம்பளப் பிரிவுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. டபிள்யூ-4 என்ற படிவத்தில் ஊழியர் எழுதிக்கொடுத்ததை வைத்து, தான் தரும் சம்பளத்துக்கு மட்டும் பிடித்தம் செய்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கு வரலாறும் ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர்க் காலம் வரை, அமெரிக்கர்கள் ஓர் ஆண்டின் வருமான வரியை அடுத்த ஆண்டில்தான் தவணைகளில் கட்டிவந்தார்கள். போர்ச் செலவுக்காகச் சாதாரணத் தொழிலாளர்களும் வரி வளையத்துக்குள் வந்தபோது அந்த முறை தாங்கவில்லை. 1943இல் சட்டம் இயற்றப்பட்டு, அந்த ஆண்டு ஜூலை முதல் சம்பளத்திலேயே வரி பிடிக்கும் ஏற்பாடு வந்தது. தம்பதியர் இருவர் வருமானத்தையும் ஒன்றாகச் சேர்த்து, அதற்கென அகலமான வரி அடுக்குகளைப் பயன்படுத்தும் கூட்டுக் கணக்கு முறை 1948இல் அதன்மேல் வந்து சேர்ந்தது. ஒருவர் சம்பாதிக்கும் வீட்டுக்கு இவை இரண்டும் நன்றாகவே பொருந்துகின்றன. இருவர் சம்பாதிக்கும் வீட்டில்தான் இடறுகின்றன.

சம்பளச் சீட்டுக்குள் நடப்பது

சம்பள மென்பொருள் செய்யும் கணக்கு இதுதான். ஒரு தடவைச் சம்பளமாகத் தரும் தொகையை, ஆண்டில் எத்தனை முறை சம்பளம் தருகிறோமோ அந்த எண்ணால் பெருக்கி, ஓர் ஆண்டுச் சம்பளமாக மாற்றுகிறது. அதிலிருந்து நிலையான கழிவை, அதாவது எல்லோருக்கும் வரியில்லாமல் விடப்படும் தொகையைக் கழிக்கிறது. மிச்சத்துக்கு அடுக்கு வாரியாக வரி கணக்கிட்டு, அதைத் திரும்பவும் அதே எண்ணால் வகுத்து, கிடைக்கும் தொகையைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்றால் அந்த எண் 26. மாதம் இருமுறை என்றால் 24.

2026ஆம் ஆண்டில் கூட்டாகத் தாக்கல் செய்யும் தம்பதியருக்கு நிலையான கழிவு 32,200 டாலர். அது போக உள்ள வருமானத்தில் முதல் 24,800 டாலருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 100,800 வரை 12 சதவீதம், அதற்கு மேல் 211,400 வரை 22 சதவீதம், பிறகு 24 என அடுக்குகள் ஏறுகின்றன. 12இலிருந்து 22க்குத் தாவும் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிக்கலின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

கணவருக்கு ஆண்டுக்கு 120,000 டாலர், மனைவிக்கு 80,000 டாலர் சம்பளம், இரண்டு குழந்தைகள் என்று ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மூத்த குழந்தை சென்னையில் பிறந்து, பெற்றோரைச் சார்ந்த விசாவில் இருப்பதால் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாமல், வரிக் கணக்குக்காக மட்டும் தரப்படும் ஐடின் எண்ணைப் பெற்றிருக்கிறது. இளையது இங்கேயே பிறந்தது. குழந்தைகளுக்கான சலுகை வருமானத்தில் கழிவதில்லை. கணக்கிட்ட வரியிலேயே நேராகக் கழிகிறது. சமூகப் பாதுகாப்பு எண் உள்ள, 17 வயது நிரம்பாத குழந்தைக்கு அது 2,200 டாலர். ஐடின் மட்டும் உள்ள குழந்தைக்கு 500 டாலர்தான். நம்மவர் வீடுகளில் இரண்டு குழந்தைக்கும் 2,200 என்று எழுதிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அந்த ஓர் எண்ணிலேயே 1,700 டாலர் பிடித்தம் குறைந்துவிடும்.

இந்தக் குடும்பத்தின் உண்மையான வரி என்ன? மொத்தச் சம்பளம் 200,000. நிலையான கழிவு போக 167,800. அடுக்குகளின்படி இதற்கு 26,340 டாலர் வரி. குழந்தைகளுக்கான 2,700 போக, கட்ட வேண்டியது 23,640 டாலர்.

இனி அவர்கள் சம்பளச் சீட்டைப் பார்ப்போம். இருவரும் டபிள்யூ-4 படிவத்தில் ‘மணமானவர், கூட்டாகத் தாக்கல் செய்பவர்’ என்ற கட்டத்தைக் குறியிட்டு, கணவர் மட்டும் குழந்தைகளைக் காட்டியிருக்கிறார். கணவரின் நிறுவனம் அவருடைய 120,000இலிருந்து 32,200 முழுவதையும் கழித்து, மிச்சம் 87,800க்கு 10,040 டாலர் வரி என்று கணிக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் என்பதால், 26ஆல் வகுத்தால் ஒரு சம்பளத்துக்கு 386 டாலர் வருகிறது. குழந்தைகளுக்கான 104 டாலர் போக, சீட்டில் 282 டாலர் பிடித்தம் தெரிகிறது. மனைவியின் நிறுவனமும் அதே 32,200ஐ மறுபடி ஒருமுறை முழுதாகக் கழித்து, மிச்சம் 47,800க்கு ஆண்டுக்கு 5,240, ஒரு சம்பளத்துக்கு சுமார் 202 டாலர் பிடிக்கிறது. இரண்டையும் கூட்டினால் ஆண்டுப் பிடித்தம் 12,580 டாலர். கட்ட வேண்டியதோ 23,640. ஏப்ரலில் விழும் துண்டு 11,060 டாலர்.

ஒரு வீட்டுக்கு ஒருமுறை மட்டுமே உரிய நிலையான கழிவை இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே கொடுத்துவிட்டன. 10, 12 சதவீத அடுக்குகளையும் அப்படியே இருமுறை கொடுத்துவிட்டன. இருவர் சம்பளமும் சேரும்போது 22 சதவீத அடுக்குக்குள் 67,000 டாலர் நுழைகிறது. தனித்தனியே பார்க்கும் இரு நிறுவனங்களின் கண்ணுக்கும் அந்த அடுக்கில் ஒரு டாலர்கூடத் தெரியவில்லை.

2(சி) கட்டம்

இதற்கான மருந்து அதே படிவத்தில், பலரும் படிக்காமல் தாண்டிப்போகும் இரண்டாம் படியில் இருக்கிறது. 2020இல் டபிள்யூ-4 முழுவதும் மாற்றி எழுதப்பட்டபோது, பழைய ‘அலவன்ஸ்’ எண்ணிக்கை முறை போய், குடும்பத்தில் மொத்தம் இரண்டே வேலைகள் என்றால் குறியிட 2(சி) என்ற கட்டம் வந்தது. இருவர் படிவத்திலும் அதைக் குறியிட்டால், ஒவ்வொரு நிறுவனமும் நிலையான கழிவில் பாதியை, அடுக்குகளிலும் பாதியை மட்டும் தரும். நம் எடுத்துக்காட்டில் கணவருக்கு 17,570, மனைவிக்கு 8,770 என்று வரி கணக்கிடப்படும். கூட்டினால் 26,340, குழந்தைகளுக்கான தொகை போக 23,640. ஒரு டாலர் பிசகாமல் பொருந்துகிறது. இதனால் கணவரின் கைக்கு வருவது ஒவ்வொரு சம்பளத்திலும் சுமார் 290 டாலரும், மனைவிக்கு சுமார் 136 டாலரும் குறையும். வாடகையையும் கார்க் கடனையும் பழைய தொகையை நம்பித் திட்டமிட்ட குடும்பத்துக்கு அது வலிக்கும் என்பதால், வேலையில் சேரும் நாளிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது.

ஆனால் இந்தக் கட்டம் எல்லா வீட்டுக்கும் இவ்வளவு கச்சிதமாக அமைவதில்லை. இருவர் சம்பளமும் ஓரளவு ஒத்திருந்தால்தான் பாதிப் பாதி என்பது சரியாக வரும். அதே 200,000 டாலர், ஒருவருக்கு 150,000, மற்றவருக்கு 50,000 என்று பிரிந்திருந்தால் 2(சி) கட்டம் 2,214 டாலரைக் கூடுதலாகப் பிடித்துவிடும். அது தொலைந்துபோகாது, ரீஃபண்டாகத் திரும்பி வரும். இருந்தாலும் மாதச் செலவுக்குத் தேவைப்படும் பணம். அத்தகைய வீடுகள் படிவத்தோடு வரும் கணக்குத் தாளையோ அமெரிக்க வரித் துறையான ஐ.ஆர்.எஸ்.ஸின் தளத்தில் உள்ள பிடித்தக் கணிப்பானையோ பயன்படுத்தி, 4(சி) என்ற இடத்தில் ஒவ்வொரு சம்பளத்திலும் கூடுதலாக இத்தனை டாலர் பிடிக்கவும் என்று ஒரு தொகையை எழுதுவதே மேல். வீட்டில் இன்னொருவர் வேலை பார்ப்பதைத் தம் நிறுவனத்துக்குக் காட்ட விரும்பாதவர்களுக்கும் அதுவே வழி. குழந்தைகளுக்கான மூன்றாம் படியை ஒருவர் படிவத்தில், அதுவும் அதிகச் சம்பளம் வாங்குபவர் படிவத்தில் மட்டும் நிரப்ப வேண்டும். இருவரும் நிரப்பினால் சலுகை இரட்டிப்பாகி, மீண்டும் துண்டு விழும்.

எச்-1பி ஊழியரின் துணைவருக்கான எச்-4 விசாவில் இருக்கும் மனைவியோ கணவரோ வேலை அனுமதி பெற்று ஆண்டின் நடுவில் வேலையில் சேரும்போது கணக்கு வேறு விதமாகச் சாய்கிறது. 2015 முதல் தகுதியுள்ள எச்-4 துணைவர்களுக்கு இந்த அனுமதி கிடைத்துவருவதால், நம் சமூகத்தில் இது அடிக்கடி எழும் நிலை. அதே மனைவி ஜூலையில் சேர்ந்து ஆறு மாதத்தில் 40,000 டாலர் வாங்கினால், அவர் நிறுவனம் பிடிப்பது மொத்தமே 2,620 டாலர். ஆனால் கணவரின் சம்பளத்துக்கு மேல் வந்து அமரும் அந்த 40,000இன் பெரும்பகுதி 22 சதவீத அடுக்கில் விழுகிறது. குடும்பத்தின் துண்டு 4,880 டாலர் ஆகிறது. முதல் சம்பளம் வந்த மகிழ்ச்சியில் இது யாருக்கும் தோன்றாது.

சம்பளச் சீட்டில் வராத வருமானம்

ஊரில் உள்ள வங்கியில், வெளிநாட்டில் ஈட்டியதைப் போட்டுவைக்கும் என்.ஆர்.இ. வைப்பு வைத்திருப்பவர்கள் அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதை அறிவார்கள். வரி விஷயத்தில் அமெரிக்கக் குடியிருப்பாளர் ஆகிவிட்டவருக்கு அதே வட்டி அமெரிக்காவில் வரிக்கு உட்பட்டது என்பது பலருக்குத் தாமதமாகவே தெரியவருகிறது. நாற்பது லட்ச ரூபாய் வைப்புக்கு 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 2.8 லட்சம் ரூபாய். டாலரில் மூவாயிரத்துக்குச் சற்று மேல். 22 சதவீத அடுக்கில் உள்ள குடும்பத்துக்கு அதன்மேல் கிட்டத்தட்ட 700 டாலர் வரி. அதைப் படிவத்தின் 4(ஏ) இடத்தில் பிற வருமானமாகக் காட்டிவிட்டால், பிடித்தம் தானே அதற்கேற்ப உயரும். இந்திய வருமானத்துக்கான என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டிக்கு இந்தியாவிலேயே வரி பிடிக்கப்படும். இரு நாட்டு உடன்படிக்கை வட்டிக்கு அனுமதிக்கும் 15 சதவீதம் வரை அதை இங்கே ஈடுகட்டலாம். வங்கி தரும் வட்டிச் சான்று ஏப்ரல் முதல் மார்ச் வரைக்கானது. அமெரிக்கக் கணக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரை. எனவே கணக்கு அறிக்கையை எடுத்து மாத வாரியாகக் கூட்டித்தான் ஆக வேண்டும்.

மென்பொருள் நிறுவனங்கள் ஊதியத்தின் பகுதியாகத் தரும் ஆர்.எஸ்.யூ. பங்குகளும் போனஸும் இன்னொரு வாசல். இவற்றுக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் குடும்பத்தின் அடுக்கு எதுவானாலும் 22 சதவீதம் என்று ஒரே அளவில் பிடிக்கின்றன. ஓராண்டில் பத்து லட்சம் டாலரைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் 37 சதவீதம். 22 சதவீத அடுக்கிலேயே நிற்கும் வீட்டுக்கு இது சரி. 32 சதவீத அடுக்கில் இருக்கும் வீட்டில் 40,000 டாலர் பங்கு கைக்கு வந்தால், பிடித்தம் 4,000 டாலர் குறைந்திருக்கும். பங்கு வந்த அன்றே அந்த வித்தியாசத்தை எடுத்துத் தனியே வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் ஏப்ரலில் நிம்மதியாக இருப்பார்கள்.

நன்றாகச் சம்பாதிக்கும் தம்பதியருக்கு இன்னொன்றும் உண்டு. கூட்டுச் சம்பளம் 250,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு 0.9 சதவீதம் கூடுதல் மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரி. ஆனால் எந்த நிறுவனமும் தான் ஒருவருக்குத் தரும் சம்பளம் 200,000ஐத் தாண்டினால்தான் அதைப் பிடிக்கும். ஆளுக்கு 180,000 வாங்கும் தம்பதியரிடம் இரு நிறுவனமும் ஒரு காசுகூடப் பிடிக்காது. தாக்கல் செய்யும்போது 990 டாலர் வந்து நிற்கும்.

வட்டியும் அபராதமும்

துண்டு விழுவதும் அபராதம் விழுவதும் ஒன்றல்ல. பிடித்தம் போகக் கட்ட வேண்டியது 1,000 டாலருக்குக் கீழே இருந்தால் அபராதம் இல்லை. நடப்பு ஆண்டு வரியில் 90 சதவீதத்தையோ, சென்ற ஆண்டின் வரி முழுவதையுமோ கட்டியிருந்தாலும் இல்லை. சென்ற ஆண்டு வருமானம் 150,000 டாலரைத் தாண்டியிருந்தால் மட்டும் அந்த முழு வரி என்பது 110 சதவீதமாகிறது.

நம் குடும்பத்தில் 2025இல் கணவர் மட்டும் வேலையில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அவர்கள் வரி 7,443 டாலர். 2026இல் மனைவி ஜனவரியிலேயே சேர்ந்து 12,580 டாலர் பிடித்தம் ஆனால், அது சென்ற ஆண்டின் வரியைவிட அதிகம் என்பதால், 11,060 டாலர் பாக்கி நின்றாலும் அபராதம் வராது. குடும்பம் கடனோ உடனோ வாங்கிப் பாக்கியைக் கட்டிவிட்டு, ‘அபராதம் ஏதும் வரவில்லையே’ என்று படிவத்தை மாற்றாமல் விட்டுவிடும். அடுத்த ஆண்டு, ‘சென்ற ஆண்டின் வரி’ என்பதே 23,640 டாலராகிவிடுவதால், அந்தப் பாதுகாப்பு இருக்காது. இந்த அபராதம் வட்டி போலவே கணக்கிடப்படுகிறது; 2025இல் இருந்த 7 சதவீத வட்டியே தொடர்ந்தால், அதே அளவு துண்டுக்குச் சுமார் 400 டாலர் அபராதமாகச் சேரும். என் பார்வையில், இரண்டாம் ஆண்டில் மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் மாட்டிக்கொள்கின்றன. அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள், சென்ற ஆண்டு இங்கே வரியே இல்லை என்பதால் விலக்கு உண்டு என்று நினைக்கக் கூடாது. சென்ற ஆண்டு முழுவதும் இங்கே குடியிருந்தவருக்குத்தான் அந்த விலக்கு.

ஆண்டின் நடுவில் சரிசெய்வது

கணிப்பதற்குத் தேவையானவை இருவரின் அண்மைச் சம்பளச் சீட்டும், சென்ற ஆண்டு தாக்கல் செய்த வரிக் கணக்கான 1040 படிவமும். சீட்டில் ‘ஒய்.டி.டி.’ என்ற பத்தி ஜனவரியிலிருந்து இதுவரை சேர்ந்ததைக் காட்டும். அதில் மொத்தச் சம்பளத்தை எடுக்காமல், 401(கே) ஓய்வுச் சேமிப்பும் மருத்துவக் காப்பீட்டுக் கட்டணமும் போக வரிக்கு உட்பட்டதாக நிற்கும் தொகையை எடுக்க வேண்டும். 401(கே)யில் 2026இல் ஒருவர் 24,500 டாலர் வரை போடலாம். 22 சதவீத அடுக்கில் உள்ள வீட்டில் ஒவ்வோர் ஆயிரம் டாலரும் வரியை 220 டாலர் குறைக்கும். மீதமுள்ள சம்பளங்களையும் இதோடு கூட்டி, வட்டி, பங்கு வருமானங்களைச் சேர்த்து, நிலையான கழிவைக் கழித்து, அடுக்குகளின்படி வரியைக் கண்டால், இதுவரை பிடித்ததும் இனி பிடிக்கப்போவதும் அதற்குப் போதுமா என்பது தெரிந்துவிடும். வருமானத்தில் பெரிய மாற்றமில்லாத வீட்டில், கிடைத்த விடையைச் சென்ற ஆண்டுப் படிவத்தின் மொத்த வரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால், கணக்கில் பெரும் பிசகு இருந்தால் அகப்படும்.

எடுத்துக்காட்டுக் குடும்பம் ஆகஸ்டு கடைசியில் விழித்துக்கொள்கிறது என்போம். 26 சம்பளத்தில் 18 போய்விட்டது. இப்போது இருவரும் 2(சி)யைக் குறியிட்டால் மீதி எட்டுச் சம்பளங்களின் பிடித்தம் சரியாகிவிடும். ஆனால் கடந்த 18இல் குறைந்துபோன சுமார் 7,657 டாலர் அப்படியே நிற்கும். அதை எட்டால் வகுத்து, ஒவ்வொரு சம்பளத்திலும் 957 டாலர் என்று ஒருவர் படிவத்தின் 4(சி)யில் எழுத வேண்டும், அல்லது இருவரும் பிரித்து எழுதிக்கொள்ளலாம். புதிய படிவம் நடைமுறைக்கு வர நிறுவனம் ஒரு மாதம் வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருவதால், ஒன்றிரண்டு சம்பளம் குறையக்கூடும் என்று வைத்தே வகுப்பது பாதுகாப்பு.

குறைந்த தொகையை ஐ.ஆர்.எஸ்.ஸுக்கு நேரடியாகவும் கட்டலாம்; அதற்கு ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, அடுத்த ஜனவரி 15 என நான்கு தவணைகள் உண்டு. இருந்தாலும் சம்பளப் பிடித்தத்துக்கு ஒரு தனிச் சிறப்பு இருக்கிறது. நேரடியாகக் கட்டும் பணம் கட்டிய தேதியில்தான் கணக்கில் ஏறும்; எனவே ஜனவரியில் மொத்தமாகக் கட்டினாலும் முந்தைய தவணைகளைத் தவறவிட்டதற்கான அபராதம் நீங்காது. சம்பளத்தில் பிடித்ததோ, நவம்பரிலும் டிசம்பரிலும் அள்ளிப் பிடித்திருந்தாலும், ஆண்டு முழுவதும் சமமாகக் கட்டியதாகவே கொள்ளப்படும். ஆண்டின் பிற்பகுதியில் தவறைக் கண்டுபிடிப்பவர்கள் இயன்றவரை சம்பளத்தின் வழியாகவே சரிசெய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மறுபக்கமாக, பெரிய ரீஃபண்ட் வருவதைச் சாதனையாகக் கருதுபவர்களும் இருக்கிறார்கள். அது ஆண்டு முழுவதும் வட்டியில்லாமல் அரசிடம் கிடந்த சொந்தப் பணம். கிரெடிட் கார்டுக் கடனுக்கு மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டே ரீஃபண்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் தனக்குத்தானே நட்டம் செய்துகொள்கிறது. இரண்டு பக்கமும் சில நூறு டாலருக்குள் முடியும்படி வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.

இவை எல்லாம் கூட்டரசு வரிக்கு மட்டும். டெக்சஸ், புளோரிடா, வாஷிங்டன் மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் மாநிலப் பிடித்தத்துக்கெனத் தனிப் படிவம் உண்டு. கலிஃபோர்னியாவில் அதன் பெயர் டிஇ 4. டபிள்யூ-4ஐத் திருத்தியவர்கள் இதையும் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆண்டு நடுவில் 4(சி)யில் எழுதிய 957 டாலர், நாமே மாற்றிக்கொடுக்கும் வரை ஜனவரிக்குப் பிறகும் தொடர்ந்து பிடிக்கப்படும். எனவே டிசம்பரின் கடைசிச் சம்பளம் வந்ததும், 2(சி) குறியை அப்படியே வைத்துக்கொண்டு, 4(சி)யை வெறுமையாக விட்டு, இன்னொரு படிவத்தைச் சம்பளப் பிரிவுக்குக் கொடுத்துவிட வேண்டும்.